எட்டாம் நாள் போன்

செலவில்லாமல் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வதற்குப் பத்து யோசனை எழுதித் தாருங்கள் என்று நம் சங்கத்துச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கே வந்து கேட்டார். புதிதாக விதைக் கடையும் மருந்துக் கடையும் போட்டிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்குமாம். முப்பது வருடத்துக்கு மேல் கோவில்பட்டியில் விதைக் கடை நடத்தியவனிடம் பத்து யோசனை கூடவா இருக்காது என்று அவர் நினைத்தது நியாயம்தான். அவர் போனபிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உருப்படியாக என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும், மிகவும் தேவைப்பட்ட ஒரு வருடத்தில், நானே கைவிட்டேன். அதைத்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற யோசனைகள் உங்களுக்கே தெரியும். வெயிலில் வருகிறவருக்கு உட்கார ஒரு ஸ்டூலும் குடிக்கத் தண்ணீரும் வைப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, தை மாதம் காலண்டர் கொடுப்பது. இப்போது என் கடையைப் பார்த்துக்கொள்ளும் மருமகன் தினமும் காலையில் எல்லா விவசாயிகளுக்கும் செல்போனில் ரோஜாப்பூ அனுப்புகிறார். அதற்கும் செலவில்லை. பூவைப் பார்த்து யாரும் கடைக்கு வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் யாரும் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. இருக்கட்டும்.

என் யோசனை போன் போடுவது. அதுவும் என் மூளையில் உதித்தது இல்லை. பசுவந்தனைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் திட்டிக் கற்றுக்கொடுத்தது.

கடை ஆரம்பித்த புதிது. ஓய்வுபெற்ற பின் விவசாயத்தில் இறங்கியிருந்த அந்த வாத்தியார் என்னிடம் கம்பு விதை வாங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு வாசலில் என்னைப் பார்த்தார். நான் பெரிய கும்பிடாகப் போட்டு, "என்ன சார், கடைப் பக்கம் ஆளையே காணோம்?" என்றேன். எல்லாக் கடைக்காரரும் கேட்கிற கேள்விதான். மனிதர் நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"வாங்க வரணும்னா மட்டும் நான் ஞாபகத்துக்கு வாரேன், என்னவே? பொண்ணக் கட்டிக் குடுத்தவன்கூட மறுவீட்டுக்கு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போவான். நீரு விதையக் குடுத்தீரே, மொளைச்சுதா கிளைச்சுதான்னு ஒரு வார்த்தை கேட்டீரா?"

"மொளைக்கலையா சார்?" என்றேன், பதறிப்போய்.

"மொளைச்சுது, நல்லாவே மொளைச்சுது. அதையும் நானா வந்து சொல்லணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. முளைத்த விதைக்கு எதற்கு இந்த ஏச்சு என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள், ஏச்சில் நியாயம் இருக்கிறது என்று பட்டது. நம்மிடம் விதை வாங்கிப் போகிறவர் அந்த வருடத்துச் சாப்பாட்டையே பையில் போட்டுக்கொண்டு போகிறார். கொடுத்தவன் ஒரு வாரம் கழித்து ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஊர்களில் போன் பரவிய பிறகு அதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். முளைக்க வேண்டிய நாள் தாண்டி ஒரு நாள் விட்டு, எட்டாம் நாள் காலையில் கூப்பிடுவது.

எட்டாம் நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே முதலில் கோட்டை விட்டேன். விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு இடைசெவல்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "மொளைச்சிட்டா அண்ணாச்சி?" என்றேன். அவர் கேட்டார்: "இங்கன மழையே பெய்யல. எங்கன மொளைக்கும், ஒம்ம தலையிலயா?" நம் பக்கம் எல்லாம் மானாவாரி. பலர் மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கணக்கு மழை பெய்த நாளிலிருந்துதான். ஆனால் கோவில்பட்டியில் கொட்டினால் நாகலாபுரத்தில் தூறல்கூட இருக்காது. எந்த ஊரில் என்றைக்குப் பெய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கரிசல் மண் ஈரமானால் செருப்பை விடாது, அடியில் இன்னொரு செருப்பாக அப்பிக்கொண்டு கூடவே வரும். காலையில் கடைப்படி ஏறுகிறவரின் காலைப் பார்ப்பேன். செருப்பு கனத்திருந்தால் அவர் ஊரில் நேற்று மழை. வெறும் தூசியாக இருந்தால் இல்லை. ஒரு பழைய டைரியில் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, யார், என்ன விதை, எப்போது விதைப்பு, எந்த நாள் மழை என்று எழுதி வைப்பேன். கடையில் அதற்கு மழை நோட்டு என்று பெயர். அதைப் பார்த்து எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் போன் போடுவேன். ஒரு நிமிடம்தான் பேசுவேன்.

இதில் ஒரு விதி உண்டு. அந்தப் போனில் எதையும் விற்கக் கூடாது. ஒரு தடவை, முளைச்சாச்சு என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னதும், "புதுசா ஒரு பூச்சி மருந்து வந்திருக்கு, கொண்டு போறீயளா?" என்று கேட்டுவிட்டேன். "ஓ, அதுக்குத்தானா இந்தப் போனு" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியே காதில் கம்பி காய்ச்சி விட்டதுபோல் இருந்தது. அதன்பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஐந்தாறு வருடத்தில் எட்டாம் நாள் போன் என்று அதற்கு விவசாயிகளே பெயர் வைத்துவிட்டார்கள். வேறு கடையில் வாங்கியவர்கள்கூட எனக்கும் போன் போடுவீரா என்று வேடிக்கையாகக் கேட்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். நான் கடையை மருமகனிடம் விடுவதற்கு மூன்று வருடத்துக்கு முந்தைய புரட்டாசி.

நாகலாபுரத்துக்குப் பக்கத்திலிருந்து லூர்தம்மா என்று ஒருவர் வருவார். வீட்டுக்காரர் இல்லை, மூன்று ஏக்கர் புஞ்சை, ஒரே மகள். அந்த மூன்று ஏக்கரை வைத்தே மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தவர். வருடா வருடம் என்னிடம்தான் உளுந்து விதை வாங்குவார். அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் காலையிலேயே வந்து நின்றார். அவசரமாக இருந்தார்.

"அண்ணாச்சி, மகளுக்கு நாள் நெருங்கிட்டு. தூத்துக்குடி பெரியாஸ்பத்திரில சேக்கணும். திரும்பி வர எத்தன நாளாகுமோ தெரியல. மழைக்குக் காத்திருக்க முடியாது, புழுதியிலயே வெதைச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"நல்லபடியா போயிட்டு வாங்கம்மா. வெதை மழைக்குக் காத்துக் கெடக்கும்" என்றேன்.

"எட்டாம் நாளு மறக்காம எனக்குப் போன் போட்ருங்க. நீங்க போட்டதும் நான் கொழுந்தனாரப் போய்ப் பாக்கச் சொல்லுவேன். சும்மா நாஞ்சொன்னா அவிய போக மாட்டாவ. கடைக்கார அண்ணாச்சி கேக்காவன்னு சொன்னாத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போவாவ. ஏதாவது கோளாறுன்னா, ஈரம் இருக்கையிலயே மறுபடி வெதைச்சிரலாமில்லா."

இரண்டு பேரும் சிரித்தோம். மழை நோட்டின் நாகலாபுரம் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே, "தூத்துக்குடியில் இருப்பார். கட்டாயம் கூப்பிட வேண்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டை இன்றைக்கும் என்னால் நிதானமாகப் பார்க்க முடியாது.

இன்னொரு தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. புதிய சரக்கு வந்தால், ஒரு மூட்டையைப் பிரித்து நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பேன். நான்கு நாள் கழித்து விரித்துப் பார்த்து, முளைத்தது எத்தனை என்று எண்ணிய பிறகுதான் விற்பேன். அந்த வருடம் வழக்கமாக வரும் உளுந்து பாதிதான் வந்தது. மீதிக்கு ஒரு புதிய கம்பெனிச் சரக்கை இறக்கினேன். மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது, கடை முன்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். நான்கு நாள் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். சான்று அட்டை கட்டிய மூட்டைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று கொடுத்துவிட்டேன். லூர்தம்மா வாங்கியதும் அந்தச் சரக்குதான்.

நல்ல மழை பெய்தது. ஒரே ராத்திரியில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் பெய்தது. மறுநாள் கடைப்படி முழுக்க ஒரே கரிசல், மண்வெட்டி கொண்டுதான் சுரண்டினோம். எட்டாம் நாள் காலையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் போன் இடைசெவலுக்கு. என்னிடம், தலையிலயா முளைக்கும் என்று கேட்ட அதே மனிதர்.

"இங்கொண்ணு அங்கொண்ணா நிக்கி அண்ணாச்சி. பல்லு போன வாய் மாதிரி கெடக்கு புஞ்சை. என்ன வெதை இது?"

பார்க்கிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு இரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன். அவர் பசுவந்தனை. அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் கடுமையான வார்த்தையில். இரண்டு ஊர், இரண்டு மண், ஒரே விதை. இனிமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

புதிய கம்பெனியின் விற்பனை ஆளைக் கூப்பிட்டேன். அவன் என்னைவிடச் சின்னவன், ஆனால் தொழிலில் என்னைவிட நிதானமானவன். "அண்ணாச்சி, நீங்களா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு ஏன் வம்ப வெலைக்கு வாங்குதீங்க? வாரவங்ககிட்ட, ஆழமா வெதைச்சிட்டீங்க, ஈரம் பத்தலன்னு சொல்லுங்க. பாதிப் பேர் அத நம்பிருவாங்க. மிச்சப் பேருக்கு நான் மாத்து மூட்டை ஏற்பாடு பண்ணுதேன்" என்றான்.

அவன்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவன் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே, இனி யாரையும் கூப்பிடுவதில்லை என்று என் மனதில் முடிவாகிவிட்டிருந்தது. நோட்டில் இன்னும் இருபத்தெட்டுப் பெயர் இருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு முளைச்சுதா என்று கேட்டால், முளைக்கவில்லை என்று இருபத்தெட்டுத் தடவை கேட்க வேண்டும். அத்தனை பேரும் அன்று மத்தியானமே ஒன்றாகக் கடை வாசலில் வந்து நிற்பார்கள். கூப்பிடாவிட்டால், கவனித்தவர் மட்டும் வருவார், ஒருவர் ஒருவராக வருவார், சமாளித்துக்கொள்ளலாம். இப்படித்தான் யோசித்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இத்தனையும் யோசித்து முடித்துவிட்டேன். பயம் வந்தால் நமக்கு எவ்வளவு வேகமாக மூளை வேலை செய்கிறது என்பது ஆச்சரியமான விஷயம்.

நோட்டை மூடினேன். மூடும்போது நாகலாபுரம் பக்கம் கண்ணில் பட்டது. அடிக்கோடும் பட்டது. அந்தம்மா ஒருவரையாவது கூப்பிடுவோமா என்று தோன்றியது உண்மை. ஒருவரைக் கூப்பிட்டால் கொழுந்தனார் போவார், பார்ப்பார், ஊரில் சொல்வார், ஊரே கிளம்பி வரும். நோட்டை இழுப்பறையில் வைத்துச் சாத்தினேன்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான சரக்கில் பிந்தி வந்து, நான் சோதித்துப் பார்த்த நல்ல உளுந்து, அப்போது பதினைந்து மூட்டை கடையிலேயே இருந்தது. அந்த எட்டாம் நாளில் நிலத்தில் ஈரம் இருந்தது. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இன்னும் நான்கைந்து நாள் தாங்கும். எல்லோரையும் கூப்பிட்டு, தப்பு நடந்துபோச்சு, உடனே வந்து இதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி விதையுங்கள் என்று சொல்லியிருந்தால் பாதிப் புஞ்சையாவது தப்பியிருக்கும். ஏச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். இடைசெவல்காரரும் பசுவந்தனைக்காரரும் என்னை நம்பாமல் அன்றே பக்கத்துக் கடையில் வேறு விதை வாங்கி மறுவிதைப்புச் செய்துவிட்டார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நான் கூப்பிட்ட இரண்டு பேர் பிழைத்தார்கள், கூப்பிடாதவர்களில் பலர் பிழைக்கவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அடுத்த பத்து நாள் நான் நினைத்தபடியேதான் நடந்தது. ஒருவர் ஒருவராக வந்தார்கள். விற்பனை ஆள் சொல்லிக் கொடுத்ததை நான் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன். ஆழமா வெதைச்சிட்டீங்களோ என்று, நாற்பது வருடம் விதைத்துப் பழகிய மனிதரிடம், புஞ்சையில் ஏர் பிடித்தே அறியாத நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்று மூட்டையை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் ஈரம் போய்விட்டது.

லூர்தம்மா ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வந்தார். கடையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறார், கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் கூடை அப்படியே இருக்கிறது. பேரன் பிறந்திருக்கிறான், எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள் என்றார். நான் சந்தோஷம் என்றேன்.

"காலைல ஊருக்கு வந்து புஞ்சையப் பாத்தேன் அண்ணாச்சி" என்றார். "வெறும் மண்ணாக் கெடக்கு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நீங்க போன் போடலையேன்னு பாத்தேன். சீசன் கூட்டம், நேரமிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். கோளாறுன்னா அண்ணாச்சி எப்படியும் கூப்பிட்டிருப்பாவன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

நான்கு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"போட்டேனேம்மா. ரெண்டு நாளு போட்டேன். லைன் கெடைக்கல."

லூர்தம்மா என்னை ஒரு விநாடி பார்த்தார். அப்புறம் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படியா. ஆமா, ஆஸ்பத்திரிக்குள்ள சிக்னல் கெடைக்காது. நாந்தான் வெளிய வந்து நின்னிருக்கணும். எம்மேல தப்பு" என்றார்.

மாற்று மூட்டை கொடுக்கப் போனேன். இனிமே எதுக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வாங்காமல் போய்விட்டார். கடையில் நின்றவர்களில் ஒருவர், "பாவம், வெவரம் பத்தாத பொம்பள" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இதுவரை எழுதியதிலேயே எழுதக் கை கூசுகிற இடம் இந்தத் தலையாட்டல்தான்.

மூன்று மாதம் அதை விழுங்கிப் பார்த்தேன். கடை ஒன்றும் மூழ்கிப் போய்விடவில்லை. நான்கைந்து பேர் கடை மாறினார்கள், மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். சாமர்த்தியம் என்று பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் காலையில் ஏழு மணியானால் போனைக் கையில் எடுக்க முடியவில்லை. யாருக்காவது போட்டால், அந்த முனையில் லூர்தம்மா குரல் கேட்டுவிடும் என்று ஒரு பயம்.

தை மாதம் உளுந்து அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது நாகலாபுரம் பஸ் ஏறினேன். வீட்டில் ஆள் இல்லை. கீழப் புஞ்சையில் இருக்காவ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் புஞ்சைதான் வெறுமனே கிடக்கிறதே, அங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அது அவர் புஞ்சை இல்லை. வேறு யாருடைய புஞ்சையிலோ, பத்துப் பெண்களோடு வரிசையில் நின்று கூலிக்கு உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். சொந்தமாக மூன்று ஏக்கர் வைத்திருக்கிற அம்மா. வருடா வருடம் அவர்தான் ஆள் கூப்பிடுவார்.

என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வரப்புக்கு வந்தார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு தூரம்? சோலியா வந்தியளா?"

பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறான் என்றார். நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததில் ஒரு வார்த்தையும் ஞாபகத்தில் இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யும்மா. நான் உங்களுக்குப் போன் போடல. வெதை சரியில்லன்னு எனக்கு எட்டாம் நாளே தெரியும். தெரிஞ்சும் போடல."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தெரியும் அண்ணாச்சி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"எட்டாம் நாளு விடியக்காலைல இருந்து ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியிலதான் நின்னேன். உள்ள சிக்னல் கெடைக்காதுன்னு தெரியும்லா. ஒம்பதாம் நாளும் நின்னேன். செல்ல கையிலயே வச்சிருந்தேன். மறுநா பிள்ளையக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிட்டாவ. அப்புறம் புஞ்சை நெனப்பே இல்ல."

"பின்ன ஏம்மா அன்னைக்குத் தப்பு உங்க மேலன்னு சொன்னீங்க?"

லூர்தம்மா துண்டை உதறினார். "நாலு பேரு நிக்காவ கடையில. அவிய முன்னால வச்சு உங்களப் பொய்யனாக்கச் சொல்லுதியளா? அதனால எம் புஞ்சை மொளைச்சிருமா?"

அடுத்த வருடத்துக்கு விதை முழுவதும் நானே தருகிறேன், நானே சோதித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். வேண்டாம் அண்ணாச்சி என்றார். அவ்வளவு பதமாக ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வரிசையில் அவர் விட்டுவந்த இடம் பின்தங்கிக் கிடந்தது. "வாரேன், மேஸ்திரி பாக்காவ" என்று திரும்பிப் போய்க் குனிந்துகொண்டார்.

அதற்கு அடுத்த புரட்டாசியில் லூர்தம்மா என் கடைக்கு வரவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் ஈரச் சாக்கில் சுருட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட வெளியே அனுப்பவில்லை. வாசலில் நின்றவர்களிடம், நான்கு நாள் பொறுங்கள், முடியாதவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிலர் போனார்கள். பல பேர் பொறுத்தார்கள். முந்தின வருடமும் இவர்கள் பொறுத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மழை பெய்தது. நோட்டை விரித்து எல்லோருக்கும் போன் போட ஆரம்பித்தேன். நாகலாபுரம் பக்கத்தில் லூர்தம்மா பெயரை நான் அடிக்கவில்லை, ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவர் விதைத்தது என் விதையும் இல்லை. தாண்டிப் போய் அடுத்த பெயருக்குப் போட்டேன்.

போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவர்தான்.

"அண்ணாச்சி, மொளைச்சிட்டு" என்றார். வரப்பில் நின்று பேசுகிறார் போல, காற்றுச் சத்தம் கேட்டது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள், "சரி, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வருடம் மட்டுமில்லை. ஒவ்வொரு வருடமும் வருகிறது. நான் கடையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் வருகிறது. அவர் ஊரில் மழை பெய்து எட்டாம் நாள், காலை ஏழு மணிக்கு முன்னால். வேறு கடை விதைதான், வேறு கடை மருந்துதான். அன்பினால் கூப்பிடுகிறாரா, இப்படித்தானய்யா போன் போட வேண்டும் என்று எனக்குக் காட்டுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை. செயலாளர் கேட்ட யோசனையை நான் செய்து காட்டியதைவிட அந்தம்மா நன்றாகச் செய்கிறார். அதனால்தான் இதை எழுதினேன்.

இந்த வருடம் நாகலாபுரம் பக்கம் மழை பெய்து இன்றைக்கு ஏழு நாள் ஆகிறது. போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.